ஸ்லைசர் மெஷினும் உங்கள் விரல்களும்: குசினியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் மே மாதம் தொடங்கினால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் நிரம்பத் தொடங்கும். செப்டெம்பர் வரைக்கும் அந்த ஓட்டம்தான். கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெடியள் குசினி வேலைக்கு வருவார்கள், வந்த அன்றே யாராவது ஒருவர் "தம்பி, இந்தச் சீஸை ஒருக்கா வெட்டித் தா" என்று ஸ்லைசரைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மெஷின் தெரியும் என்று கணக்கு. இந்த வழிகாட்டி அந்தத் தம்பிக்காகவும், அவனுக்கு மெஷினைக் காட்டிவிட்டுப் போகிற அண்ணனுக்காகவும், இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்காகவும் எழுதுவது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற மெஷினுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். நிறுத்தின மெஷினுக்கு ஒருவரும் பயப்படுவதில்லை. ஸ்லைசரில் கை வெட்டுப்படுவதில் பெரிய பங்கு துடைக்கும்போது, கழற்றும்போது, கடைசித் துண்டை வெட்டும்போது நடக்கிறது. அந்த வட்டக்கத்தி சுற்றினால்தான் வெட்டும் என்றில்லை, சும்மா நிற்கும்போதும் அதன் விளிம்பு சவரக்கத்தியின் கூர்மையோடுதான் நிற்கிறது.

மெஷினை முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

இறைச்சி, சீஸ், சொசேஜ், சில இடங்களில் மரக்கறியும் வெட்டுகிற வழக்கமான ஸ்லைசரில் நடுவே ஒரு வட்டக்கத்தி இருக்கும். ஹோட்டல்களில் பெரும்பாலும் 250 அல்லது 300 மில்லிமீற்றர் விட்டம். அதற்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு. பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருப்பினால் அந்தத் தகடு பின்னுக்குப் போகும், போகிற அளவுக்குத்தான் துண்டின் தடிப்பு. குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் தகடு முன்னுக்கு வந்து கத்தியின் விளிம்பை மறைத்துவிடும். இந்தப் பூச்சியம்தான் உங்கள் முதல் பூட்டு. வெட்டி முடிந்த ஒவ்வொரு தடவையும் கை தானாகவே அந்தக் குமிழுக்குப் போகப் பழக வேண்டும்.

சாமானை வைத்து முன்னும் பின்னும் தள்ளுகிற தட்டு ஒன்று, அதன் மேல் பற்கள் உள்ள ஒரு அழுத்தி. இந்த அழுத்தியைத்தான் பல குசினிகளில் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருப்பார்கள், "அது இருந்தால் வேலை சுணங்கும்" என்று. உண்மையில் வெட்டும்போது உங்கள் விரலுக்கும் கத்திக்கும் இடையில் இருக்கிற ஒரே பொருள் அதுதான். அழுத்தி இல்லாத ஸ்லைசரில் வேலை செய்யச் சொன்னால், அது எங்கே என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கத்தியைச் சுற்றி, வெட்டுகிற பக்கம் தவிர்ந்த இடங்களில், ஒரு வளையக் காவல் இருக்கும். கத்தியைத் தீட்டத் தீட்ட அதன் விட்டம் குறையும், காவலுக்கும் கத்தி விளிம்புக்கும் இடையிலான இடைவெளி கூடும். அந்த இடைவெளி 6 மில்லிமீற்றரைத் தாண்டினால் கத்தியை மாற்றச் சொல்லிப் பல கம்பனிகளின் கைநூல்களில் இருக்கும். உங்கள் மெஷினுக்கு என்ன அளவு என்று கைநூலில் பாருங்கள், மாற்றாமல் இழுத்தடிக்க வேண்டாம். நல்ல மெஷின்களில் குமிழ் பூச்சியத்தில் இல்லாவிட்டால் தட்டைக் கழற்ற முடியாதபடி ஒரு பூட்டும் இருக்கும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்தப் பூட்டும், அழுத்தியும், வளையக் காவலும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நம் ஊருக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு, கடற்காற்று. கரையோர ஹோட்டல் குசினிகளில் திருகாணிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். காவலைக் கழற்றிய பிறகு திரும்பப் பூட்ட முடியாமல் திருகாணி இறுகிப்போய் நிற்கும், பிறகு காவல் இல்லாமலேயே மெஷின் ஓடும், ஒரு கிழமையில் அதுவே வழக்கமாகிவிடும். துருப்பிடிக்காத திருகாணி ஒன்றின் விலை என்ன, ஒரு விரலின் விலை என்ன என்று முதலாளிமார் யோசிக்க வேண்டும்.

சுவிட்சைப் போடுவதற்கு முன்

மெஷின் நிற்கிற மேசை ஆடக்கூடாது, இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். நிலம் ஈரமாக இருந்தால் முதலில் துடையுங்கள். வழுக்கினால் கை தானாக எதையாவது பிடிக்கப் போகும், எதைப் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியாது. மேசையின் பக்கத்தால் ஆட்கள் தட்டுகளோடு ஓடுகிற வழியில் ஸ்லைசரை வைக்க வேண்டாம், முழங்கையில் ஒரு இடி போதும்.

மோதிரம், மணிக்கூடு, கையில் கட்டிய நூல் எல்லாம் கழற்றுங்கள். கோயிலில் கட்டிய நூல் என்றால் மனம் வராது, தெரியும், ஆனால் வேலை நேரத்தில் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். நீளக் கை சட்டையை முழங்கைக்கு மேலே மடியுங்கள். ஏப்ரன் நாடா முன்னால் தொங்கக்கூடாது.

பிளக் விஷயம். ஸ்லைசருக்கென்று தனியாக, நிற்கிற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு பிளக் வேண்டும். மல்டி பிளக்கில் பிளெண்டரோடு சேர்த்துச் சொருகியிருந்தால், யாரோ பிளெண்டருக்காக மெயின் சுவிட்சைப் போட, உங்கள் கைக்குக் கீழே ஸ்லைசர் ஓடும். கரண்ட் போய் வரும்போதும் இதுதான். கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத மெஷின்கள் இருக்கின்றன, பச்சைப் பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். உங்கள் மெஷின் அப்படிப்பட்டதா என்று ஒருக்கா சோதித்துப் பாருங்கள்: தட்டில் ஒன்றும் வைக்காமல் ஓடவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்தி மறுபடி போடுங்கள். கத்தி சுற்றினால், கரண்ட் போன உடனே மெஷின் சுவிட்சையும் நிறுத்திப் பிளக்கையும் கழற்றுவது உங்கள் குசினியின் சட்டமாக இருக்க வேண்டும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இந்த மெஷினில் விடாதீர்கள். இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021 முதல் 16, ஆபத்தான வேலைகளுக்கு 18. அமெரிக்காவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இறைச்சி ஸ்லைசரை இயக்குவது மட்டுமல்ல, கழுவுவதுகூடச் சட்டப்படி தடை. கழுவுவதையும் சேர்த்தது சும்மா இல்லை.

வெட்டும்போது

சாமான் குளிராக, இறுக்கமாக இருந்தால் நன்றாக வெட்டுப்படும். ஆனால் கல்லுப்போல் உறைந்த இறைச்சியை ஸ்லைசரில் வைக்கக்கூடாது, அது வழுக்கும், துள்ளும், கத்தியையும் கெடுக்கும். எலும்பும் கூடாது.

குமிழைத் திருப்பித் தடிப்பை வைத்தபிறகுதான் சுவிட்ச். ஒரு கை அழுத்தியின் பிடியில், மற்றக் கை விழுகிற துண்டுகளின் பக்கம், கத்தியிலிருந்து தள்ளி. துண்டு விழும்போதே பிடிக்க வேண்டாம். ஒரு தட்டையோ பேப்பரையோ வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து துண்டு சேர்ந்ததும் நிறுத்தி எடுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி அழகாக அடுக்குகிற பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, அவர்கள் வேகத்தைப் பார்த்துப் புதுப் பெடியளும் பழகுவார்கள். அண்ணாமாரே, உங்களைப் பார்த்துத்தான் அவன் பழகுகிறான்.

மெல்லவும் ஒரே சீராகவும் தள்ளுங்கள். அமத்தித் தள்ள வேண்டியிருந்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மழுங்கிய கத்திதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் பலத்தைக் கொடுத்துத் தள்ளும்போது சாமான் திடீரென்று விலகினால் அந்தப் பலம் முழுக்கக் கையை முன்னுக்குக் கொண்டுபோகும். ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நின்று தலையைத் திருப்பிக் கதைக்க வேண்டாம். யாராவது கூப்பிட்டால் முதலில் நிறுத்துங்கள், பிறகு "என்ன?" என்று கேளுங்கள்.

அப்புறம் அந்தக் கடைசித் துண்டு. விரல் நுனி போவது பெரும்பாலும் இங்கேதான். சொசேஜோ சீஸோ சின்னதாகிக்கொண்டு வரும்போது அழுத்தியின் பற்கள் சரியாகப் பிடிக்காது, கை தானாக உதவிக்குப் போகும். போகக்கூடாது. மிஞ்சின அந்தத் துண்டை நிறுத்தி எடுத்து, பலகையில் வைத்துச் சாதாரணக் கத்தியால் வெட்டுங்கள், அல்லது ஒம்லட்டுக்கோ ஃப்ரைட் ரைஸுக்கோ போடுங்கள். சாமானை வீணாக்காதே என்று ஏசுகிற ஆட்கள் இருப்பார்கள். அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று முதலாளியே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் யாரும் விரலை வைத்து அதை மிச்சம் பிடிக்கமாட்டார்கள்.

இடையில் சிக்கிக்கொண்டால், சுவிட்சை நிறுத்தி, குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிளக்கைக் கழற்றி, கத்தி முழுதாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நில்லுங்கள். சுவிட்சை நிறுத்தினாலும் கத்தி கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் சுற்றும், மினுங்குகிற கத்தி சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. பிறகு மர அகப்பையாலோ பிளாஸ்ரிக் கரண்டியாலோ எடுங்கள். விரலால் வேண்டாம்.

துடைப்பதும் கழுவுவதும்: இங்கே அவசரம் வேண்டாம்

இரவு பதினொரு மணி, கால் வலி, எல்லாரும் வீட்டுக்குப் போக நிற்கிறார்கள், கடைசி வேலை ஸ்லைசரைக் கழுவுவது. இந்த நேரத்தில் இந்த வேலையை, அன்றைக்கு மிகவும் களைத்துப்போன ஆளிடம், அதிலும் ஆகப் புதிய ஆளிடம் கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். மாற்ற முடிந்தால் முதலில் இதை மாற்றுங்கள். கடைசி வெட்டு முடிந்த கையோடு, வெட்டினவரே கழுவட்டும். குளிர் அறைக்கு வெளியில் வைத்து நாள் முழுக்க வெட்டுகிற மெஷினை அமெரிக்க உணவுச் சட்டக்கோவை 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா கழுவச் சொல்கிறது, நம்முடைய வெக்கைக்கு அது அதிகமில்லை. அப்படி ஒரு நாளில் பல தடவை கழுவ வேண்டும் என்றால் சரியான முறை கைக்குப் பழக வேண்டும்.

சுவிட்சை நிறுத்துங்கள். குமிழ் பூச்சியத்துக்கு. பிளக்கைக் கழற்றி, அதன் வயரை மெஷினுக்கு மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் போடுங்கள், அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் சொருக மாட்டார்கள். கத்தி நிற்கும்வரை நில்லுங்கள். இப்போது வெட்டுத் தாங்கும் கையுறையை இரண்டு கைக்கும் போடுங்கள். மற்றக் கைதான் மெஷினைப் பிடிக்கப் போகும், அதனால் ஒரு கைக்கு மட்டும் போட்டால் போதாது.

அழுத்தியையும் தட்டையும் கழற்றித் தொட்டியில் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். கத்தியைக் கழற்றுகிற மெஷின் என்றால், கம்பனி கொடுத்த கழற்றும் கவசத்தை வைத்துத்தான் கழற்ற வேண்டும், வெறும் துவாயால் பிடித்து அல்ல. கழற்றின கத்தியை ஒருபோதும் நுரைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்து அந்தத் தொட்டிக்குள் கையை விடுகிறவருக்கு உள்ளே என்ன கிடக்கிறதென்று தெரியாது.

கத்தி மெஷினில் இருக்கும்போது துடைப்பதென்றால், துணியைத் தடிப்பாக மடித்து, கத்தியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, விளிம்பை நோக்கித் துடையுங்கள். விளிம்பின் வழியே சுற்றித் துடைக்கக்கூடாது, வெளியிலிருந்து உள்ளே இழுக்கவும் கூடாது. கத்தியைத் திருப்ப வேண்டுமென்றால் நடுப் பகுதியில் கையை வைத்து மெல்லத் திருப்புங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. மெஷினை ஓடவிட்டு ஈரத்துணியைக் கத்தியில் பிடித்தால் ஒரு நிமிடத்தில் சுத்தமாகிவிடும் என்று யாராவது காட்டித்தந்தால், அந்த ஆள் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அதை மட்டும் பழகாதீர்கள். துணி இழுபட்டால் அதைப் பிடித்திருக்கிற கையும் சேர்ந்து போகும். ஹோஸ் பைப்பால் அடிப்பதும் வேண்டாம், மோட்டருக்குள் தண்ணீர் போனால் கரண்ட் அடிக்கும்.

கழுவிக் காய்ந்து திரும்பப் பூட்டியதும் குமிழ் பூச்சியத்தில்தானா, காவல்கள் எல்லாம் இடத்தில்தானா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஈஎன் 388 தரத்தில் வெட்டுத் தாங்கும் அளவை ஏ முதல் எஃப் வரை எழுத்தால் குறிப்பார்கள், எஃப் உயர்ந்தது. ஒன்று வாங்கும்போது அந்தக் குறியைப் பாருங்கள். ஆனால் எந்தக் கையுறையும் ஓடுகிற கத்தியிலிருந்து காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். நின்ற கத்தியைத் தொடுகிற வேலைக்குத்தான் அது. ஓடும்போது காப்பது அழுத்தியும் தூரமும்தான், தொளதொளத்த துணிக் கையுறையோ இழுபட்டுச் சிக்கும்.

தீட்டுவதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. மெஷினோடு வந்த தீட்டுக்கல்லால், கைநூல் சொல்கிறபடி, பழகின ஒரே ஆள் செய்யட்டும். தனிக் கல்லைக் கையில் பிடித்து ஓடுகிற கத்தியில் தீட்டக் கூடாது.

பாண் மெஷினும் மீன் வாளும்

பேக்கரிகளில் பாண் வெட்டும் மெஷினில் கத்திகள் சுற்றுவதில்லை, ஒரு வரிசையாக மேலும் கீழும் ஆடும். பாண் துகள் அடைத்துக்கொள்ளும்போது கையால் தட்டிவிடுவது, கடைசிப் பாணைக் கையால் தள்ளுவது, இரண்டுமே விரலுக்குக் கேடு. பின்னால் இன்னொரு பாணை வைத்துத் தள்ளலாம், அல்லது மரக்கட்டை. மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்கிற சுவிட்ச் இருக்கும், அதைப் பசை நாடா ஒட்டி ஏமாற்றியிருந்தால் பிரித்து எறியுங்கள்.

உறைந்த மீனும் எலும்பு இறைச்சியும் வெட்டுகிற நாடா வாள் இன்னொரு இனம். அதில் ஓடும்போது இரும்பு வலைக் கையுறை போடவே கூடாது, வாளின் பல் அதில் கொழுவினால் கையை முழுதாக இழுத்துவிடும். சின்னத் துண்டுகளுக்குத் தள்ளுகட்டைதான்.

வெட்டுப்பட்டுவிட்டது: முதல் பத்து நிமிடம்

மெஷினை நிறுத்துங்கள். காயப்பட்டவரை உட்கார வையுங்கள், இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சுத்தமான துணியையோ கோஸையோ காயத்தின் மேல் வைத்து நேரடியாக அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கொரு தடவை எடுத்துப் பார்த்தால் உறைகிற இரத்தம் மறுபடி திறந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். கையில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள்.

காயத்துக்குக் கோப்பித்தூள் போடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய், பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இரத்தம் நின்றமாதிரித் தெரிந்தாலும் அதையெல்லாம் டொக்டர் சுரண்டிக் கழுவித்தான் எடுக்க வேண்டிவரும், கிருமியும் உள்ளே போய்விடும். விரலடியில் நூலோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டவும் வேண்டாம். விரல் காயத்துக்கு அழுத்தம் போதும், கட்டி மறந்துவிட்டால் நல்லாயிருக்கிற பகுதியும் சாகும். சின்னக் காயமாக இருந்து இரத்தம் நின்றால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் எது? பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காதது, வாய் பிளந்து நிற்பது, உள்ளே வெள்ளையாக எலும்போ நாணோ (விரலை மடக்கி நீட்டுகிற தசைநாண்) தெரிவது, சதை தொங்குவது, நகம் சேர்ந்து வெட்டுப்பட்டது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது இதுதான்: சின்னதாக, நேர்கோடாக, அழகாக வெட்டுப்பட்ட காயத்துக்குக் கீழேயும் நாண் அறுந்திருக்கலாம், உணர்ச்சி நரம்பு அறுந்திருக்கலாம். விரலில் தோலுக்கும் நாணுக்கும் நடுவே அதிகம் இடமில்லை. இரத்தம் நின்றதும் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்ட முடிகிறதா என்று மெல்லப் பாருங்கள். பேனை முனையாலோ பஞ்சாலோ விரல் நுனியின் இரண்டு பக்கமும் தொட்டு, மற்றக் கையில் தொடுவதுபோல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தாலோ, நுனி மூட்டு மடங்காவிட்டாலோ, காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அறுந்த நாண் உள்ளே சுருங்கிப் போய்விடும், நாள் போகப் போக இழுத்துத் தைப்பது கடினம்.

துண்டு தனியாகப் போய்விட்டால்

பதற வேண்டாம், ஆனால் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருவர் காயத்தை அழுத்தட்டும், ஒருவர் 1990 இலக்கத்துக்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடட்டும், அதற்குக் கட்டணமில்லை. இன்னொருவர் துண்டைத் தேடட்டும், மெஷினின் பின்பக்கத்திலும் கையுறைக்குள்ளும் பாருங்கள்.

கிடைத்த துண்டை, அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி (தேய்க்க வேண்டாம்), சுத்தமான ஈரக் கோஸிலோ துணியிலோ சுற்றுங்கள். சேலைன் இருந்தால் அதில் நனைத்துப் பிழிந்தது இன்னும் நல்லது. அதைத் தண்ணீர் புகாத பொலித்தீன் பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள்ளோ பாத்திரத்துக்குள்ளோ வையுங்கள். நம் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீன் வைக்கிற ரெஜிபோம் பெட்டி எல்லா இடமும் இருக்கும், ஆபத்தும் அங்கேதான். துண்டை நேரே அந்த ஐஸுக்குள் புதைத்தால் சதை உறைந்து கெட்டுவிடும், பிறகு ஒட்ட முடியாது. பிரீசரிலும் வைக்கக் கூடாது, தண்ணீருக்குள் மிதக்க விடவும் கூடாது. பையில் ஆளின் பெயரையும் வெட்டுப்பட்ட நேரத்தையும் எழுதி அவரோடேயே அனுப்புங்கள்.

விரலில் தசை இல்லாததால் கையையோ காலையோவிடக் கூடுதல் நேரம் தாங்கும், சரியாகக் குளிரில் வைத்தால் ஒரு நாள் வரைக்கும்கூட. அதற்காகத் தாமதிக்கலாம் என்று இல்லை. ஒட்டுவதா, மூடித் தைப்பதா, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்பதை டொக்டர் முடிவெடுப்பார். நுனியில் எலும்பு தெரியாமல் கொஞ்சம் தோல் மட்டும் போயிருந்தால், தைக்காமலே மருந்து கட்டிக்கட்டி சில கிழமைகளில் புதுத் தோல் வந்து மூடிவிடும். துண்டு பயன்படுமா இல்லையா என்று நீங்கள் முடிவெடுத்து எறிந்துவிடாதீர்கள்.

போகிற வழியில் பசி என்று பாணும் பிளேன்ரீயும் கொடுக்க வேண்டாம். ஒப்பரேஷன் தேவைப்பட்டால் வெறும் வயிறு வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியவை

நிலாவெளியிலிருந்து திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் என்றால் அங்கேயே ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, முதல் சிகிச்சையை அங்கே எடுக்கலாம். அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள், செலவுக்குப் பயந்து வீட்டுக்குப் போகாதீர்கள்.

என்ன மெஷின், எத்தனை மணிக்கு, என்ன வெட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லுங்கள். பச்சை மீன், பச்சை இறைச்சி என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், அதிலிருந்து வருகிற சில கிருமிகளுக்கு மருந்து வேறு. கடைசியாக ஏற்பு ஊசி போட்டது எப்போது, சீனி வருத்தம் இருக்கிறதா, இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினோ வேறு குளிசையோ குடிக்கிறீர்களா, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா, எந்தக் கைப் பழக்கம், இவையெல்லாம் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மரத்துப்போயிருக்கிறது, மடங்கவில்லை என்று கண்டால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது முக்கியம். "வேலையில் நடந்தது என்று சொல்லாதே, வீட்டில் வெட்டுப்பட்டது என்று சொல்" என்று கூட வருகிற ஆள் காதுக்குள் சொல்லலாம். கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் எழுதப்படுவதுதான் பின்னால் உங்களுக்குக் கைகொடுக்கும் ஆதாரம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு மூன்று நாள் கையைத் தூக்கியே வைத்திருங்கள், படுக்கும்போதும் தலையணைக்கு மேலே. கட்டு நனையக்கூடாது. கையில் தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் வெட்டுவார்கள். புகைக்கிறவர்கள் ஆறும்வரை நிறுத்துங்கள், விரலுக்குப் போகிற சின்னக் குழாய்களை அது சுருக்கிவிடும்.

சிவப்புப் பரவுவது, துடிதுடித்து வலிப்பது, சீழ், காய்ச்சல் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். விரல் முழுக்க வீங்கி, பாதி மடங்கியே நின்று, மெல்ல நீட்டினாலே உயிர்போகிற வலி என்றால் அது நாணைச் சுற்றிக் கிருமி பிடித்ததாக இருக்கலாம், இரவென்றாலும் அந்த நேரமே போங்கள்.

நாண் தைத்திருந்தால் சுமார் ஆறு கிழமை தாங்குபட்டையோடு இருக்க வேண்டிவரும், பாரமான வேலைக்கு ஏறத்தாழ மூன்று மாதம். நம் ஆட்கள் விடுகிற பெரிய பிழை பயிற்சிக்குப் போகாமல் இருப்பது. தையல் வெட்டிவிட்டார்கள், சரி, முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள், பிறகு விரல் இறுகி, தட்டைக்கூடப் பிடிக்க வராது. இயன்மருத்துவர் சொல்கிற மடக்கி நீட்டும் பயிற்சிதான் ஒப்பரேஷனின் மற்றப் பாதி, அவர் சொல்கிற நாளில் தொடங்கி, சொல்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள். ஆறின விரல் நுனிக்குக் குளிர் தாங்காது, மாதக்கணக்கில் அப்படி இருக்கும், அதனால் திரும்பி வந்த ஆளைக் குளிர் அறை வேலைக்கு அனுப்ப வேண்டாம். காயம் முழுதாக மூடும்வரை உணவைத் தொடுகிற வேலையும் கூடாது. ஸ்லைசருக்கு முன்னால் நிற்க நடுக்கமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள், அதைப் பகிடி பண்ணுகிற குசினி நல்ல குசினி இல்லை.

கடதாசி வேலை

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையின்போது காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்கும் உரிமையை அது கொடுக்கிறது, முதலாளியின் கவலையீனம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் உண்டு, விரல் இழந்ததுபோல் நிரந்தரமான இழப்புக்கும் உண்டு. நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில், எப்படி விண்ணப்பிப்பது என்று திருகோணமலையில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்திலேயே கேட்கலாம். ஆனால் பாதுகாப்புக் காவலை நீங்களே வேண்டுமென்று கழற்றியிருந்தால் அதை வைத்து எதிர்ப்பக்கம் வாதாட இடமுண்டு. காவல் இல்லாத மெஷினில் வேலை செய்யச் சொன்னால் அதற்கு முன்பே ஃபோனில் ஒரு படம் எடுத்து, மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தியாக அனுப்பி வையுங்கள்.

காயப்பட்ட அன்றே கூட நின்றவர்களின் பெயர், நேரம், மெஷின் இருந்த நிலை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி தருகிற டயக்னோசிஸ் காட், கிளினிக் புத்தகம், மருந்துத் துண்டு, சம்பளத் துண்டு, ஒன்றையும் எறியாதீர்கள், ஃபோனில் படம் எடுத்தும் வையுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குச் செலவுக்கென்று முதலாளி தருகிற காசை வாங்கலாம், அதற்காக "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று எழுதிக்கொடுக்கக் கூடாது.

முதலாளிமாருக்கு: பேக்கரி போலத் தொழிற்சாலை என்று கணக்கில் வருகிற இடங்களுக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். ஆபத்தான பாகங்களுக்குக் காவல் போடுவது உங்கள் கடமை, ஒரு தொழிலாளி மூன்று நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால் விபத்தை அறிவிப்பதும் உங்கள் கடமை. மெஷினுக்கு மேலே சுவரில் கழுவும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள், நம் குசினிகளில் இரண்டு மொழிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்கிறார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் கோஸ், சேலைன், நல்ல பொலித்தீன் பை, நீல நிறத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் இருக்கட்டும். பெட்டி பூட்டியிருக்க, திறப்பு மேனேஜரின் சட்டைப் பையில் இருந்தால் இரவு பதினொரு மணிக்கு அது யாருக்கும் உதவாது.